பெம்பர்லியில் ஒரு கொலை: ஆஸ்டின் முடித்த கதையை மர்ம நாவலாகத் தொடரலாமா?

தாள்வாசம்

பி.டி. ஜேம்ஸ் எழுதிய 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'யை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். 2011-ல் வந்த நாவல், அவருடைய கடைசி நாவலும் அதுதான். அப்போது அவருக்கு வயது 91. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) படித்தவர்களுக்கு ஆட்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எலிசபெத்துக்கும் டார்சிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு பையன்கள். 1803 அக்டோபர், மறுநாள் பெம்பர்லி மாளிகையில் பெரிய நடன விருந்து. காற்று சுழன்றடிக்கும் அந்த இரவில் ஒரு குதிரை வண்டி தாறுமாறாக ஓடி வந்து வாசலில் நிற்கிறது. தங்கை லிடியா அலறிக்கொண்டே இறங்குகிறாள், தன் கணவன் விக்கமை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று. ஆட்கள் காட்டுக்குள் தேடிப் போனால் செத்துக் கிடப்பது கேப்டன் டென்னி. பக்கத்தில் ரத்தக் கறையோடு விக்கம், தன் நண்பனைத் தானே கொன்றதாகப் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். இந்த இழையில் யாரும் கொலையாளியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்டினின் நாவல்களுக்கு அந்தத் தடை இல்லை, அவை வந்து இருநூறு வருடம் தாண்டிவிட்டது.

இந்த நாவலைப் படித்த ஆஸ்டின் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பிடிக்காதவர்களில் பலர், 'ஆஸ்டினின் உலகத்தில் கொலையா?' என்று கோபப்படுகிறார்கள். எனக்குக் கொலை உறுத்தவே இல்லை. எலிசபெத் பேசாமல் இருப்பதுதான் உறுத்துகிறது. மூல நாவலில் அவள் வாயைத் திறந்தாலே நமக்கு உற்சாகம் வரும். பணக்காரனையும் பாதிரியையும் லேடி கேத்தரினையும் ஒரே மாதிரி எதிர்கொள்வாள். இங்கே அவள் விருந்தினருக்கு அறை ஒதுக்குகிறாள், லிடியாவைச் சமாதானப்படுத்துகிறாள், வேலைக்காரர்களின் கஷ்டம் விசாரிக்கிறாள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் காட்டுக்குள் தேடப் போவதும் நீதிமன்றத்தில் நிற்பதும் ஆண்கள். வழக்கு விசாரணை முழுவதையும் டார்சியின் கண் வழியாகவே பார்க்கிறோம். மர்மக் கதைக்கு ஆளை எடை போடத் தெரிந்த ஒருவர் தேவை. அந்த வேலைக்கென்றே ஆஸ்டின் உருவாக்கி வைத்த பெண் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு எப்படி இருந்தது?

ஆஸ்டின் பிரியை

எனக்கு இந்த வகை நாவல்களே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆஸ்டின் தன் மனிதர்களைக் கடைசிப் பக்கத்தோடு விட்டுவிடவில்லை. யார் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சொல்வார். அண்ணன் மகன் ஆஸ்டின்-லீ 1869-ல் வெளியிட்ட நினைவு நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். எலிசபெத்தின் தங்கை கிட்டிக்குப் பெம்பர்லி பக்கத்திலேயே ஒரு பாதிரியோடு கல்யாணம். இன்னொரு தங்கை மேரிக்குக் கிடைத்தவர் மாமா பிலிப்ஸின் அலுவலக குமாஸ்தாக்களில் ஒருவர். மெரிட்டன் ஊரிலேயே ஒரு முக்கியப் புள்ளியாக இருப்பதில் மேரிக்குத் திருப்தி. நான்கு வரிதான், ஆனால் மேரியை அப்படியே பிடித்து வைத்தது போல இருக்கிறது.

ஜேம்ஸ் என்ன செய்கிறார்? பாதிரியை மேரிக்குக் கட்டிவைத்துவிட்டு கிட்டியைக் கல்யாணமாகாமல் விட்டுவிடுகிறார். டார்சியின் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமுக்குத் திடீரென்று விஸ்கவுண்ட் பட்டம் வருகிறது. அவரும் டார்சியின் தங்கை ஜார்ஜியானாவை மணக்க நினைக்கிறார், இறுகிய ஆளாக மாறிவிடுகிறார். மூல நாவலில் ரோசிங்ஸ் வீட்டில் எலிசபெத்தோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். கதைக்கு ஒரு சந்தேக நபர் தேவைப்பட்டதால் அவர் குணமே மாற வேண்டியதாயிற்று. மர்மத் தொடர்ச்சிகளில் என்னை வருத்துவது இதுதான். யாரை வேண்டுமானாலும் சந்தேகிக்க வேண்டும் என்றால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைக்கூடத் தெரியாதவராக மாற்ற வேண்டும். அப்புறம் எதற்கு அந்தப் பழைய பெயர்?

ஜேம்ஸுக்கே இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. எலிசபெத்தைக் கொலை விசாரணையில் சிக்க வைத்ததற்கு முன்குறிப்பில் ஆஸ்டினின் ஆவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். குற்றத்தையும் துயரத்தையும் வேறு பேனாக்கள் எழுதட்டும் என்று 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டின் எழுதிய வரியையும் நினைவுபடுத்துகிறார். இப்படிப்பட்ட விஷயங்களை எழுத விரும்பியிருந்தால் ஆஸ்டின் தானே எழுதியிருப்பார், இதைவிட நன்றாகவும் எழுதியிருப்பார் என்றும் அங்கே சொல்கிறார். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன்.

சாட்சிக்கூண்டு

பிரியை சொல்வது புரிகிறது, ஆனால் நான் இந்த நாவலின் பக்கம் நிற்கிறேன். வக்கீலாக இருப்பதால் எனக்கு இதன் நடுப்பகுதிதான் உயிர்.

1803-ல் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு கொலை நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் கிடையாது. லண்டனுக்கே முறையான காவல்துறை 1829-ல்தான் வருகிறது. உள்ளூர் மாஜிஸ்திரேட் என்றால் நிலம் வைத்திருக்கும் பெரிய மனிதர், சம்பளம் கிடையாது. டார்சியும் மாஜிஸ்திரேட்தான். ஆனால் செத்தது அவர் காட்டில், பிடிபட்டது அவர் மைத்துனியின் கணவன். அதனால் பக்கத்து எஸ்டேட் மாஜிஸ்திரேட் சர் செல்வின் ஹார்ட்கேசலைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறை தாண்டிய மனத்தாங்கல் வேறு. டார்சி தன் வீட்டிலேயே கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளாக நிற்கிறார்.

அறிவியலும் கைகொடுக்காது. ஒரு கறை மனித ரத்தமா, மிருக ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையே 1901-ல்தான் வந்தது. நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் மோசம். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் ஜூரியைப் பார்த்துப் பேச முடியாது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். ஜூரியிடம் பேசும் உரிமை 1836-ல்தான் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல 1898 வரை வழியில்லை. குற்ற வழக்குகளுக்கு முறையான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-ல். தீர்ப்பு வந்தால் அடுத்தது தூக்கு. நாவலில் ஆல்வெஸ்டன் என்ற இளம் வக்கீல் இதையெல்லாம் டார்சியோடு விவாதிக்கும் இடங்களைச் சிலர் 'பாடம் நடத்துகிறார்' என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு அங்கேதான் மூச்சு முட்டியது. ஜேம்ஸ் பல வருடம் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தில், காவல் பிரிவிலும் குற்றவியல் கொள்கைப் பிரிவிலும் வேலை பார்த்தவர். இந்த இயந்திரம் எப்படி ஓடும், எங்கே மனிதனை நசுக்கும் என்று உள்ளேயிருந்து அறிந்தவர்.

இன்னொன்று. மூல நாவலில் டார்சியைப் பற்றி விக்கம் பொய் சொல்கிறான், ஊரே நம்புகிறது. எலிசபெத்தும் நம்புகிறாள். இங்கே அவன் என்ன சொன்னாலும் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. வாசகராகிய நாமும் அப்படித்தான், அவன் தூக்கில் தொங்கினால்கூட நமக்குப் பெரிய வருத்தம் வராது. அவனை எல்லோரையும்விட வெறுக்கக் காரணம் உள்ளவர் டார்சி. அவர் நியாயமாக நடந்துகொள்ள முடியுமா என்பதுதான் இந்த நாவலின் உண்மையான கேள்வி. முன்முடிவைப் பற்றி எழுதிய ஒரு நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி எனக்குத் தோன்றவில்லை.

இரவு ரயில்

நான் பிபிசி தொடரைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்குப் போனேன். 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் தொடங்கி மூன்று பகுதிகளாக வந்தது. அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் எலிசபெத், மேத்யூ ரீஸ் டார்சி. தாள்வாசம் கேட்பது அதில் ஓரளவு நடக்கிறது. உண்மையைக் கண்டுபிடிப்பதில் எலிசபெத்துக்குப் புத்தகத்தைவிடப் பெரிய பங்கு. டார்சிக்கும் அவளுக்கும் நடுவே விரிசல் விழுவதும் திரையில் கூர்மையாக இருக்கிறது. புத்தகத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் சண்டை போடுவதில்லை. எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது.

ஜென்னா கோல்மன் நடித்த லிடியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திக்கொண்டே வரும் பெண்ணாக மட்டும் இல்லாமல், தான் கட்டிக்கொண்டவன் யார் என்று உள்ளுக்குள் தெரிந்தவளாக இருக்கிறாள். ஆஸ்டின் லிடியாவுக்கு இரக்கம் காட்டியதே இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு.

தாள்வாசம்

சாட்சிக்கூண்டு, டார்சியின் நியாயம் பற்றி நீங்கள் எழுதியதற்காகவே அந்த நடுப்பகுதியை நேற்று திரும்பப் படித்தேன். அது வலுவான பகுதிதான். ஆனால் என் குறை இன்னும் கூடியிருக்கிறது. ஏனென்றால் ஆஸ்டினிடம் என்ன வகை மர்மம் இருக்கிறது என்று ஜேம்ஸைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை.

1998-ல் ஜேன் ஆஸ்டின் சங்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார், ஆஸ்டினின் 'எம்மா'வை ஒரு துப்பறியும் கதையாகப் பார்ப்பது பற்றி. 1999-ல் வந்த அவருடைய நாட்குறிப்பு நூலின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. பிணம் இல்லாமலும் துப்பறியும் கதை இருக்க முடியும் என்பதுதான் அவர் வாதம். ஓர் உண்மை மறைந்திருக்க வேண்டும், தடயங்கள் எல்லாம் வாசகரின் கண் முன்னே கிடக்க வேண்டும், கடைசியில் வெளிப்படும்போது 'இது எப்படித் தெரியாமல் போனது' என்று நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

'எம்மா'வில் அந்த உண்மை, பிராங்க் சர்ச்சிலுக்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்கும் ரகசியமாக நிச்சயமாகியிருப்பது. தடயங்களைப் பாருங்கள். பிராங்க் முடி வெட்டிக்கொள்ள என்று சொல்லி 16 மைல் தூரம் லண்டனுக்குப் போய் வருகிறான். அவனுக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று ஊர் முடிவு செய்கிறது. கொஞ்ச நாளில் ஜேன் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு பியானோ வந்து இறங்குகிறது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். மழையில் நனைந்துகொண்டு ஜேன் தானே தபால் நிலையத்துக்குப் போகிறாள், வேறு யாரையும் அனுப்ப மறுக்கிறாள். மருத்துவர் பெர்ரி வண்டி வாங்கப்போவதாக ஒரு பேச்சு. அது ஜேனின் பெரியம்மா மிஸ் பேட்ஸ் வீட்டையும் இன்னொரு குடும்பத்தையும் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி. வெளியூரில் இருந்த பிராங்க் அதைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறான். அவனுக்கு யார் எழுதியிருப்பார்கள்? எல்லாம் நம் முன்னால் நடக்கிறது, நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை, ஏனென்றால் நாம் எம்மாவின் தன்னம்பிக்கையோடு சேர்ந்து நடந்துகொண்டிருக்கிறோம்.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கட்டமைப்பும் இதேதான். விக்கம் 16-வது அத்தியாயத்தில் தன் கதையைச் சொல்கிறான். அறிமுகமாகி ஒரு நாளே ஆன பெண்ணிடம் இவ்வளவு அந்தரங்கத்தைக் கொட்டுகிறானே என்று நாம் நிமிர்ந்திருக்க வேண்டும், நிமிரவில்லை. 35-ல் டார்சியின் கடிதம் வருகிறது. 36-ல் எலிசபெத் அதை வரி வரியாகத் திரும்பப் படித்து, பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்த்துத் தன் தீர்ப்பைத் தானே உடைக்கிறாள். துப்பறிவாளர் செய்கிற வேலை வேறென்ன? அந்தப் புத்தி அவளிடம் இருப்பதை ஆஸ்டின் நிரூபித்துக் காட்டிய பிறகு, அடுத்த நாவலில் அவளுக்கு அந்த வேலையைத் தராமல் விட்டது எனக்கு ஆறவே இல்லை. நேர்மை, சட்டம், காலச் சூழல் எல்லாம் இருக்கிறது. ஆளைத் தப்பாகப் படித்துப் பின் சரியாகப் படிக்கிற அந்த ஒன்று மட்டும் இல்லை.

பிரியை, உங்களுக்கும் ஒன்று. 1813 மே மாதம் ஆஸ்டின் லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போய், அங்கே மிஸஸ் பிங்லியின் (எலிசபெத்தின் அக்கா ஜேன்) சாயலில் ஒரு படத்தைக் கண்டதாக அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். வெள்ளை உடை, பச்சை நகைகள், அது அவளுக்கு எப்போதும் பிடித்த நிறம் என்று தான் நினைத்தது சரியாகிவிட்டதாம். மிஸஸ் டார்சி மஞ்சள் உடையில் இருப்பாள் என்று ஊகித்துத் தேடியும் கிடைக்கவில்லை. புத்தகம் வெளிவந்து நான்கு மாதத்தில் எழுதியவரே இப்படித் தேடி அலைந்திருக்கிறார். வாசகர்கள் தேடுவதை எப்படித் தப்பென்று சொல்வது?

புதுவாசகன்

நான் எதிர்த் திசையிலிருந்து வந்தவன். ஆஸ்டினைப் படிக்காமலேயே முதலில் படித்தது கிளாடியா கிரேயின் 'தி மர்டர் ஆஃப் மிஸ்டர் விக்கம்' (2022). கதை நடப்பது 1820-ல். எம்மாவும் நைட்லியும் ஒரு விருந்து வைக்கிறார்கள். வேறு வேறு ஆஸ்டின் நாவல்களின் ஜோடிகள் எல்லாம் வந்து தங்குகிறார்கள். அழைக்காமலேயே விக்கமும் வந்து சேர்கிறான், கொலையாகிறான். துப்பறிவது பெரியவர்கள் இல்லை. எலிசபெத்-டார்சியின் மூத்த மகன் ஜோனதனும், 'நார்தாங்கர் அபி' கேத்தரினின் மகள் ஜூலியட்டும்.

இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஜோனதன். கூட்டத்தில் எப்படி நிற்பது, எப்போது பேசுவது என்று அவனுக்கு இயல்பாக வராது. விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் சமாளிக்கிறான். ஜூலியட்டோடு தனியாக ஓர் அறையில் இருந்து துப்பு விவாதிப்பதே அந்தக் காலத்தில் பெரிய விதிமீறல் என்பதால் ஒவ்வொரு சந்திப்பும் பதற்றமாக இருக்கிறது. அதைப் படித்து முடித்ததும் ஜோனதனின் அப்பா ஏன் நடன விருந்தில் விறைப்பாக நிற்பார் என்று தெரிந்துகொள்ள 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எடுத்தேன். அங்கிருந்து 'பெர்சுவேஷன்'. இப்போது 'எம்மா' பாதியில் இருக்கிறேன், தாள்வாசம் ரகசியத்தைச் சொல்லிவிட்டார், பரவாயில்லை.

இந்தத் தொடர்ச்சி நாவல் இல்லையென்றால் நான் ஆஸ்டினைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஆஸ்டின் பிரியை

புதுவாசகன், ரகசியம் தெரிந்து 'எம்மா' படிப்பது தெரியாமல் படிப்பதைவிடச் சுகம். கவலை வேண்டாம்.

கிரேயின் நாவலை நானும் படித்தேன். அடுத்த தலைமுறையைத் துப்பறிய விட்டது புத்திசாலித்தனம். ஜோனதனும் ஜூலியட்டும் அவர் உருவாக்கியவர்கள், அவர்களை எப்படி வேண்டுமானாலும் வளர்க்கலாம். பழையவர்களைத்தான் அவரும் வளைக்கிறார். விருந்தினர் அத்தனை பேருக்கும் விக்கமைக் கொல்ல ஒரு காரணம் இருந்தாக வேண்டுமே. 'பெர்சுவேஷன்' ஜோடியான ஆன் எலியட்டும் கேப்டன் வென்ட்வொர்த்தும் எட்டு வருடப் பிரிவுக்குப் பிறகு சேர்ந்தவர்கள், அவர்கள் நடுவே மறுபடி பணப் பிரச்சினையும் கசப்பும் வருவதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட துணிச்சலானது லின் ஷெப்பர்டின் 'மர்டர் அட் மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (2010). தொடர்ச்சி என்று சொல்ல முடியாது, தலைகீழ் வடிவம். மூல நாவலில் ஏழை உறவுக்காரப் பெண்ணான ஃபேனி பிரைஸ் இங்கே பெரிய சொத்துக்காரி. கொலையாவதும் அவள்தான். ஃபேனியைப் பிடிக்காத வாசகர்கள் எவ்வளவு பேர் என்று நமக்குத் தெரியும், அந்தப் பழைய சண்டையை அப்படியே எடுத்துக் கதையாக்கிவிட்டார். எனக்கு ஃபேனியைப் பிடிக்கும், அதனால் வலித்தது. ஆனாலும் அவர் செய்வது என்னவென்று மறைக்கவில்லை, அதை மதிக்கிறேன்.

சாட்சிக்கூண்டு

முடிந்த கதை, முடியாத கதை என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். டிக்கன்ஸ் 1870 ஜூனில் இறந்தபோது 'தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்' பாதியில் நின்றுவிட்டது. 12 மாதப் பகுதிகளாகத் திட்டமிட்டது, ஆறுதான் இருக்கிறது. அப்போதிலிருந்து இன்றுவரை ஆளாளுக்கு அதை முடித்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் கோபம் வருவதில்லை. அங்கே ஒரு கேள்வி உண்மையாகவே திறந்து கிடக்கிறது. ஹோம்ஸ், பொய்ரோ விஷயத்தில் உரிமையாளர்களின் ஒப்புதலோடு 2011-ல் ஆண்டனி ஹோரோவிட்ஸும் 2014-ல் சோஃபி ஹன்னாவும் எழுதினார்கள். ஹோம்ஸுக்கும் பொய்ரோவுக்கும் தொழிலே துப்பறிவது, இன்னொரு வழக்கு வந்தால் குணம் மாற வேண்டியதில்லை.

ஆஸ்டினுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். கொலையைக் கொண்டுபோக வேண்டுமானால் அந்தச் சந்தோஷத்தில் கை வைத்தாக வேண்டும். வாசகர்களுக்கு வலிப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். ஜேம்ஸ் அந்தச் சந்தோஷத்தைக் குலைக்காமல் காப்பாற்றப் பார்த்தார், அதனால்தான் எலிசபெத் மாடியில் இருக்கிறாள்.

இரவு ரயில்

கடைசி வரி சரியாகப் பட்டது. எலிசபெத் விசாரணையில் இறங்கினால் டார்சியையும் அவள் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ஜேம்ஸ் அதைச் செய்ய விரும்பவில்லை, தொடர் எடுத்தவர்கள் செய்தார்கள்.

சரி, யாருக்குத் துப்பறியும் வேலை கொடுக்கலாம்? என் ஓட்டு எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூக்கஸுக்கு. உணர்ச்சிவசப்பட மாட்டாள், கல்யாணத்தையே கணக்குப் போட்டுச் செய்தவள்.

தாள்வாசம்

மிஸ் பேட்ஸ். ஊரில் நடக்கும் அத்தனையும் அவர் பேச்சில் இருக்கும், யாரும் காது கொடுப்பதில்லை. 'எம்மா'வின் தடயங்களில் பாதி அவர் வாயிலிருந்துதான் விழுகிறது.

ஆஸ்டின் பிரியை

மிஸ் பேட்ஸ் என்றால் நானும் படிப்பேன்.

புதுவாசகன், நீங்கள் பாதியில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். 41-வது அத்தியாயம் வரும்போது மெதுவாகப் படியுங்கள். நாவல் முழுக்க எம்மாவோடு இருக்கும் நாம் அங்கே மட்டும் நைட்லியின் கண்ணுக்கு மாறுகிறோம். மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுத்து அட்டைகளைச் சேர்த்து வார்த்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். பிராங்க் ஜேன் முன்னால் முதலில் வைக்கும் வார்த்தை 'பிளண்டர்', அதாவது தப்பு. பெர்ரியின் வண்டி பற்றி உளறிவிட்டதற்கான ஒப்புதல் அது. எம்மா அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நைட்லிக்குச் சந்தேகம் தட்டுகிறது. அடுத்த வார்த்தை 'டிக்சன்', ஜேனின் தோழியுடைய கணவர் பெயர். பியானோ அனுப்பியது அவர்தான் என்ற எம்மாவின் தப்பான ஊகத்தை வைத்து ஜேனைச் சீண்டுவது. ஜேன் முகம் சிவந்து கோபப்படுகிறாள். மூன்றாவதாக பிராங்க் சில எழுத்துகளை அவசரமாக நகர்த்துகிறான். ஜேன் படிக்காமலேயே தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். அது என்ன வார்த்தை என்று நாவலில் கடைசிவரை இல்லை.

நான் முன்னால் சொன்ன அண்ணன் மகனின் நூலில் பதில் இருக்கிறது. ஆஸ்டின் வீட்டில் சொன்னது அது: 'பார்டன்'. மன்னித்துவிடு என்கிறான்.